சூடு சொல்லாத கால்

கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் மேசையைப் பிடித்தபடி, மறு கையால் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்க்கிறாள் வெல்டா கிட்டன்ஸ். ஐஸ் கரைந்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் கொட்டுகிறது. அதோடு ஒரு மீன் தலையும் வந்து விழுகிறது. பக்கத்து மேசை எர்மின் குனிந்து பார்த்துவிட்டு, "காலையிலேர்ந்து அது உள்ளேயேவா இருந்துச்சு?" என்று கேட்கிறாள். வெல்டா நிதானமாகக் கத்தியை வாயிலிருந்து எடுக்கிறாள்.

"வாடகை குடுக்காம குடியிருந்திருக்கு. இப்பத்தான் காலி பண்ண வச்சேன்."

தலையைச் சந்தைப் பூனைக்கு வீசிவிட்டு, காலை அதே ஈர பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு, அடுத்த மீனைக் கையில் எடுக்கிறாள். எர்மின் சிரித்துக்கொண்டே அந்தக் காலை ஒரு முறை பார்க்கிறாள். ஒரு மீன் தலை, அதுவும் கூரான தாடையோடு, காலடியில் அரை நாள் கிடந்திருக்கிறது. மிதித்தவளுக்குத் தெரியவே இல்லை.

பார்படோஸ் தீவின் தென்கரையில் இருக்கிற மீன் சந்தையில், பறவைக் கோலா என்கிற பறக்கும் மீனுக்கு முள் எடுப்பது வெல்டாவின் தொழில். படகு வந்ததும் கூடை கூடையாக மேசையில் கொட்டுவார்கள். தலைக்கு ஒரு வெட்டு, முதுகில் ஒரு கீறல், கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு இழுப்பு. நடுமுள் முழுசாகக் கையோடு வந்துவிடும். அதன் பிறகுதான் நுணுக்கமான வேலை. மயிரிழை போன்ற பக்கமுள்களை மற்ற பெண்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடுவார்கள். வெல்டா மீனைப் பார்ப்பதே கிடையாது. விரல் நுனியால் தடவியபடி சாலையில் போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள். "என் மீன்ல முள்ளு இருக்குன்னு எவனாவது திருப்பிக் கொண்டாந்தா, அவன் கண்ணு முன்னாடியே அந்த முள்ளை நான் தின்னுடறேன்" என்பது அவளுடைய சவால். இதுவரை ஒருவரும் கொண்டுவரவில்லை. அவளுடைய விரலுக்கு அவ்வளவு தெரியும். காலுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

ஆள் நல்ல வாட்டசாட்டம். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கேட்டால் முறைப்பாள். தலையில் எப்போதும் ஆண்கள் போடுகிற பழைய தொப்பி. வேலை செய்யும்போது தேவாலயப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள், பாதியில் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்குவாள். நண்பகலில் வானொலியில் மரண அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் மட்டும் அவள் கத்தி நிற்கும். சந்தை முழுக்க எல்லாக் கத்திகளும் நிற்கும் என்பது வேறு விஷயம். யார் செத்தார், யார் பிள்ளைகள், அடக்கம் எங்கே என்று கேட்டு முடித்த பிறகு வெல்டா தன் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மாட்டாள். "அவனா? நம்மகிட்டதான் மீன் வாங்குவான். எப்பவும் தலையோட வேணும்பான். நல்ல மனுஷன்." செத்துப்போனவர்களில் அவளிடம் மீன் வாங்காதவர் அநேகமாகக் கிடையாது.

சர்க்கரை அவளுக்கு வந்து பல வருஷம் ஆகிறது. அதைப் பற்றி அவள் பேசுவது, வீட்டோடு வந்து தங்கிவிட்ட கொழுந்தனைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். விரட்டவும் முடியாது, உட்கார வைத்துச் சோறு போடவும் மனசில்லை, ஆனாலும் போட்டுக்கொண்டிருக்கிறாள். தேநீரில் கரண்டி கரண்டியாகச் சர்க்கரை விழும். தேங்காய் ரொட்டியை ஒரு துண்டோடு நிறுத்தினதாகச் சரித்திரமே இல்லை. மாத்திரையைக் கிளினிக்குக்குப் போக வேண்டிய வாரத்தில் மட்டும் ஒழுங்காக விழுங்குவாள். எர்மின் ஏதாவது சொன்னால், "நீ என்ன, என்னைப் பெக்காத அம்மாவா?" என்று வாயை அடைத்துவிடுவாள். சொன்னால் கேட்கிற பிறவியா அது?

கொஞ்ச காலத்துக்கு முன்பு வரை அவள் கால் அவளைப் பாடாய்ப் படுத்தியது. படுத்தால் பாதத்தில் எறும்பு ஊரும். சில நாள் எரியும், சில நாள் ஊசி குத்தும். போர்வை பட்டாலே உயிர் போகும். வாசற்படியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுதிருக்கிறாள். பிறகு அது ஒருவாறு அடங்கிப்போயிற்று. எறும்பும் இல்லை, எரிச்சலும் இல்லை. வெல்டா ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எழுந்து நின்று நன்றி சொன்னாள். கடலும் கர்த்தரும் சேர்ந்து தன் காலைக் குணமாக்கிவிட்டதாகச் சபையார் முன்னால் சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எறும்பு போகவில்லை. எறும்பு ஊர்வதைச் சொல்கிற நரம்புதான் போயிருந்தது. அதை அன்றைக்கு அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை.

கடல் என்று அவள் சொன்னது கடல் குளியலை. விடிந்தும் விடியாததுமாக எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் துண்டும் தொப்பியுமாகக் கரையில் கூடிவிடுவார்கள். யாரும் நீந்த மாட்டார்கள். கழுத்தளவு தண்ணீரில் வட்டமாக நின்றுகொண்டு பேசுவார்கள். யார் வீட்டில் என்ன சண்டை, எந்த மந்திரி என்ன புளுகினார், கிரிக்கெட்டில் நம் பையன்கள் ஏன் இப்படி மானத்தை வாங்குகிறார்கள், எல்லாம் அங்கேதான் அலசப்படும். மூட்டுவலி, சளி, சொறி, மனக்கஷ்டம் எதுவானாலும் கடலில் நின்றால் போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. வெல்டா ஒரு நாளும் தவற மாட்டாள். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, சாலையைத் தாண்டி, மணலைத் தாண்டி, வெறுங்காலோடு போவாள். "மண்ணுல பட்டாத்தான் காலு உறுதியாகும்" என்பது அவள் கட்சி.

கால் விஷயத்தில் அவளுக்குப் பயமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்கு கார்லைல் என்று ஒரு தம்பி இருக்கிறான், அவனுக்கும் சர்க்கரை. புதுச் செருப்பின் வார் உரசிப் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம் வந்தது அவனுக்கு. அவன் அதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அது அவனைக் கூப்பிடவில்லை. வீச்சம் வந்த பிறகுதான் பார்த்தான். முதலில் விரல் போயிற்று. பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாமே போயிற்று. இப்போது அவன் தெருமுனைக் கடைச் சன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டாமினோ காய்களை மேசை அதிர அடித்து ஆடுகிறான். வேலை செய்கிறவர்களைவிட அவனுக்குத்தான் பேச்சு அதிகம். வெல்டா ஞாயிறுதோறும் சோளமாவும் வெண்டைக்காயும் போட்டுக் கிளறின கூகூவும் மீன் குழம்பும் கொண்டு போய்க் கொடுப்பாள். அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். கீழே ஊக்குப் போட்டு மடித்துவிட்ட கால்சட்டையை மட்டும் பார்க்கவே மாட்டாள். ஒரு ஞாயிறு அவனே சொன்னான்.

"அக்கா, வலிச்சிருந்தா நான் அன்னிக்கே ஓடியிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லாம போயிடுச்சு அது."

வெல்டா கூகூ ஆறிப்போகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாள். வீட்டுக்குத் திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வெகு நேரம் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் பக்கத்தை மட்டும்தான் பார்த்தாள். பாதத்தைத் திருப்பிப் பார்க்க அவள் வயிறு இடம் கொடுப்பதில்லை.

கால் போய்விடுமோ என்கிற பயம் ஒரு பக்கம். மேசை போய்விடுமோ என்கிற பயம் இன்னொரு பக்கம். சந்தையில் கடைசி மேசையில் முள் எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம், ஈரத் தரையில் இனி நிற்கக் கூடாது என்று கிளினிக்கில் சொன்னார்கள். அவள் பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டு அவளை வீட்டோடு உட்கார வைத்துவிட்டார்கள். மறு வாரமே அவள் மேசையில் வேறொருத்தி கத்தி தீட்டிக்கொண்டு நின்றாள். அவள் இப்போது சன்னலோரம் உட்கார்ந்து போகிற பஸ்களைப் பார்க்கிறாள் என்று கேள்வி. வெல்டாவின் மேசை கடலைப் பார்த்த மேசை. படகு வருவது முதலில் அவள் கண்ணுக்குத்தான் தெரியும். வீடு அவளுக்குப் படுக்கிற இடம், அவ்வளவுதான். இந்த மேசை போனால் தான் யார் என்று அவளுக்கே தெரியாது.

இந்த வருஷம் ஈஸ்டர் திங்கட்கிழமை. விடுமுறை என்பதால் கரையில் நல்ல கூட்டம். வெல்டா தண்ணீரிலிருந்து வெளியே வந்து, பாறையோரமாக நடந்து, துண்டை எடுத்து முகம் துடைத்தாள். பின்னாலேயே வந்த எர்மின்தான் பார்த்தாள். வெல்டாவின் இடது பாதத்தில் கருப்புக் கருப்பாக முள் குத்தி நின்றது. பாறை இடுக்கில் உருண்டையாக, உடம்பெல்லாம் ஊசி முள்ளாகக் கிடக்கிற கடல் முள்ளெலியை மிதித்திருக்கிறாள். அதை மிதித்தவர்கள் போடுகிற கூச்சல் அடுத்த ஊருக்குக் கேட்கும். வெல்டா துண்டை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

இதற்கு எங்கள் ஊரில் கைவைத்தியம் உண்டு. முள் குத்தின இடத்தில் எலுமிச்சையைத் தேய்த்து, எரிகிற மெழுகுவத்தியைச் சாய்த்து அதன்மேல் உருகின மெழுகைச் சொட்ட விடுவார்கள். சூட்டுக்கு முள் இளகும் என்பார்கள். எவ்வளவு சொட்டு, எவ்வளவு நேரம் என்பதற்கெல்லாம் கணக்குக் கிடையாது. குத்துப்பட்டவன் கத்த வேண்டும். "ஐயோ, போதும்" என்று அவன் காலை இழுத்துக்கொண்டால் நிறுத்திவிட்டு ஊத வேண்டும். அந்தக் கத்தல்தான் அளவு. சின்னப் பிள்ளையிலிருந்து எல்லாருக்கும் பழகின முறை. இதுவரை எவர் காலும் வெந்துபோனதில்லை.

கடலுக்கு வரும்போது இதற்கென்றே பையில் வைத்திருக்கிற எலுமிச்சையையும் மெழுகுவத்தியையும் எர்மின் எடுத்தாள். வெல்டா ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, காலை எர்மினின் மடியில் போட்டுக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் கேக் சரிந்து விழுந்த கதையைச் சொல்லத் தொடங்கினாள். கதை சொல்வதில் அவளுக்கு ஈடு கிடையாது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எர்மினும் சிரித்துக்கொண்டேதான் மெழுகை ஊற்றினாள். ஒரு காது கதையில், ஒரு காது கத்தலுக்கு. கத்தல் வரவே இல்லை. வராததால் அவளும் நிறுத்தவில்லை. கேக் கதை முடிகிறபோது மெழுகுவத்தி அடிக்கட்டையாகியிருந்தது. சுற்றி நின்ற ஆண்கள் மலைத்துப்போனார்கள். இவள் மனுஷியா கல்லா என்று ஒருவர் கேட்டார். வெல்டாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "இதெல்லாம் ஒரு சூடா? எங்க மேசைக்கு வந்து ஐஸ்ல நின்னு பாருங்க" என்று சொல்லிக்கொண்டு எழுந்து நடந்தாள்.

வியாழக்கிழமை மேசையடியில் எர்மினின் மூக்கில் ஏதோ பட்டது. மீன் சந்தையில் ஒரு நாற்றத்தைத் தனியாகப் பிரித்தெடுப்பது லேசான காரியமில்லை. ஆனால் இது மீன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெல்டாவை வலுக்கட்டாயமாக உட்கார வைத்து பூட்ஸை உருவினாள். காலுறை பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மெழுகு விழுந்த இடமெல்லாம் தோல் வழன்று, ஈரத்தில் ஊறி, வெளுத்துக் கிடந்தது. நடுவில் சிவப்பாக ஒரு குழி. வெல்டா தலையை நீட்டிப் பார்த்து, அது ஒன்றுமில்லை, ஒரு பிளாஸ்திரி போட்டால் சரியாகிவிடும், கடலில் நின்றால் ஆறிவிடும் என்றாள். எர்மின் அந்தக் காலை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் குரல் உடைந்துபோயிற்று.

"மெழுகுவத்தி என் கையிலதான்டி இருந்துச்சு. நீ கத்துவேன்னு காத்துக்கிட்டே இருந்தேன். நீ ஏன்டி கத்தல?"

வெல்டா அவளைத் தேற்றத்தான் நினைத்தாள். வாய் வரைக்கும் ஏதோ வேடிக்கை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டுத் தன் பாதத்தைப் பார்த்தாள். ஏன் கத்தவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சூடு தாங்கிக்கொண்டு அவள் சும்மா இருக்கவில்லை. அங்கே சூடே இருக்கவில்லை.

மறுநாள் கிளினிக்குக்குப் போனாள். எர்மின் இழுத்துக்கொண்டு போனாள் என்பதுதான் சரி. கால் பார்க்கிற நர்ஸ் இன்னிஸ் பல வருஷமாக வெல்டாவைப் பார்த்து வருகிறவள்தான். எர்மின் ஒட்டிவிட்டிருந்த பிளாஸ்திரியைப் பிரித்தாள், விளக்கைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள். பிறகு மருந்துத் தண்ணீரால் கழுவி, செத்த தோலைக் கத்தரித்து எடுத்தாள். வெல்டா அந்த நேரமெல்லாம் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு, மீன் வரத்து இந்த வருஷம் குறைவு என்று பேசிக்கொண்டிருந்தாள். மெழுகுக் கதையைக் கேட்ட பிறகு நர்ஸ் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வழக்கமான சோதனையைப் பார்த்துவிடலாம் என்றாள். காயம் படாத இடங்களில்தான் தொடுவேன் என்றாள்.

அந்தச் சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தூண்டில் இழை மாதிரி ஒரு நைலான் இழை, பேனா அளவு கைப்பிடியில் நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே அது லேசாக வளைகிற அளவுக்குத் தொடுவார்கள். பட்டது தெரிந்தால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். வெல்டா இதில் எப்போதும் தேறிவிடுவாள். ஒரே ஒரு விஷயம், அவள் காலால் தேறவில்லை, காதால் தேறினாள். தொடுவதற்காக நர்ஸ் முன்னால் சாய்கிறபோதெல்லாம் அவள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி மெல்லக் கிறீச்சிடும். கிறீச் கேட்டால் ஆமாம். அவ்வளவுதான் வித்தை. இதை அவள் எர்மினிடம்கூடச் சொன்னதில்லை. இதில் தோற்றால் ஈரத் தரை கூடாது என்பார்கள், மேசை போய்விடும். தேறிவிட்டால் மேசை இருக்கும். பள்ளிக்கூடத்தில் பார்த்து எழுதாத பிள்ளை யார் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

கண்ணை மூடினாள். இடது கால் நர்ஸின் மடியில் இருந்தது. நாற்காலி கிறீச்சிட்டது.

"ஆமா" என்றாள் வெல்டா.

கிறீச். "ஆமா." கொஞ்சம் இடைவெளி. கிறீச். "ஆமா." அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இன்னொரு முறை கிறீச்சிட்டபோது, "ஆமா, இது கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு" என்று ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சத்தமே வரவில்லை. கண்ணைத் திறக்கச் சொன்னாள் நர்ஸ். வெல்டா திறந்தாள். நர்ஸின் இரண்டு கைகளும் மார்பில் கட்டியிருந்தன. இழை அறைக்கு அந்தப் பக்கம், தட்டில் கிடந்தது.

"நான் இன்னும் தொடவே இல்லை, மிஸ் கிட்டன்ஸ்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் வெல்டா பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பாள். அந்தச் சொல்லில் கோபம் இல்லை. வெல்டா தொப்பியைக் கழற்றினாள், மறுபடி போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷமாக எத்தனை பொய் ஆமாம் சொல்லியிருப்பாள். யாரை ஏமாற்றினோம் என்று நினைத்துப் பார்த்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கதவருகே நின்ற எர்மின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வெல்டாதான் வாயைத் திறந்தாள். குரல் சந்தைக் குரலாக இல்லை.

"உண்மையைச் சொன்னா என் மேசை போயிடும், நர்ஸம்மா."

நர்ஸ் நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். புண் ஆறுகிற வரைக்கும் நிற்கவே கூடாது, அதில் பேச்சே இல்லை என்றாள். கடல் குளியலும் அதுவரை கிடையாது. ஆறின பிறகு உட்கார்ந்து முள் எடுக்க ஒரு உயரமான நாற்காலி, இரண்டு ஜோடி பூட்ஸ், ஒன்று நனைந்தால் மாற்ற இன்னொன்று. போடுவதற்கு முன்னால் உள்ளே கையை விட்டுத் துழாவ வேண்டும். மாலையில் கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும். மணலிலும் செருப்பு. வீட்டுக்குள்ளும் செருப்பு. சந்தைக்காரர்களிடம் வேண்டுமானால் தானே வந்து பேசுவதாகச் சொன்னாள். மேசை கட்டாயம் இருக்கும் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. வெல்டா அதைக் கவனித்தாள்.

"இந்தக் கால்ல எங்கெங்க உயிர் இருக்கு, எங்கெங்க இல்லைன்னு எனக்குத் தெரியணும். நீங்க ஆமா ஆமான்னா நான் எந்த இடத்துக்குன்னு காவல் இருக்கறது?" என்றாள் நர்ஸ்.

அவள் எழுந்து போய்த் தட்டிலிருந்து இழையை எடுத்து வந்தாள். பழையபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அது கிறீச்சிட்டது. வெல்டா குனிந்து, மூச்சு வாங்க, வலது காலின் காலுறையையும் தானே உருவிப் போட்டாள். இரண்டு பாதங்களையும் சேர்த்து அவள் மடியில் வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களைக் காதுக்குள் விட்டு அடைத்துக்கொண்டாள்.